மாதப்பன் என்கிற இல்லிப்பா

பள்ளிக்கூடத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நின்றால்தான் உள்ளே நடப்பது தெரியும். நான் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு ஓட்டுப் போடும் நாள். நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அதே அறையில், எங்கள் வாத்தியாரின் மேசையை நடுவில் இழுத்துப் போட்டு, வெளியூர் ஆபீசர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் பெஞ்சில் கட்சி ஏஜெண்டுகள். அறை முழுக்கச் சுண்ணாம்பு வாசனை.

என் தாத்தா வரிசையில் முதல் ஆளாக உள்ளே போனார். வெள்ளைச் சட்டை, தலையில் வெளுத்த துண்டு, கையில் சீட்டு. முதல் ஆபீசர் சீட்டை வாங்கிப் பட்டியலில் விரலை ஓட்டினார். ஏஜெண்டுகள் சரிபார்த்துக்கொள்வதற்காகச் சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

“நானூத்தி பன்னெண்டு. மாதப்பன்... என்கிற...”

அங்கே நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

அந்த ‘என்கிற’வுக்குப் பின்னால் இருந்த பேர் நான் வைத்தது. அதே பேரைச் சொல்லித்தான் அதற்கு முந்தின தேர்தலில் நான் அவருடைய ஓட்டையே கெடுத்திருந்தேன். ஆபீசர் கண்ணாடி துடைக்கிற நேரத்தில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

வாயில் வந்த பேர்

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்கு மேற்கே. பாதி வீடுகளில் தமிழ், பாதி வீடுகளில் கன்னடம். அப்பா வீடு கன்னட வீடு. அம்மா மொரப்பூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண். ஆகவே எனக்குப் பிறக்கும்போதே இரண்டு நாக்கு என்று அம்மா சொல்வாள். அது புகழ்ச்சியா திட்டா என்று இதுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தாத்தா பாட்டிகளுக்குப் பேர் வைப்பது முதல் பேரப்பிள்ளையின் வேலை. அது பேசத் தொடங்கும்போது அவர்களை எப்படிக் கூப்பிடுகிறதோ அதுதான் பேர். யாரும் திருத்த மாட்டார்கள். பின்னால் பிறக்கிற பிள்ளைகள், மருமகள்கள், கடைசியில் ஊர், எல்லாருக்கும் அதே பேர்தான்.

என் அப்பா வைத்த பேர் சளியஜ்ஜன். அவருடைய தாத்தாவுக்கு, அதாவது அஜ்ஜனுக்கு, மாசி மாதம் வரைக்கும் குளிர் விடாது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு “சளி, சளி” என்பாராம். கன்னடத்தில் அப்படிச் சொன்னால் குளிருகிறது என்று அர்த்தம். தமிழ்க்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? பாவம், பெரியவருக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று எதிர்வீட்டிலிருந்து துளசிக் கஷாயம் வந்துகொண்டே இருக்குமாம். அவரும் ஒருநாளும் உண்மையைச் சொன்னதில்லை. கஷாயத்தில் வெல்லம் போட்டிருந்தார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில் முதல் பேத்தியாக வந்து சேர்ந்தேன். தாத்தாவுக்குப் பட்டுப்பூச்சி வளர்ப்பு. புழுத் தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்து மல்பரி இலையை நறுக்கிக்கொண்டே, கூடத்தின் அந்தக் கோடியில் தவழ்ந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து, “இல்லி பா, இல்லி பா” என்று கூப்பிடுவாராம். இங்கே வா என்று அதற்கு அர்த்தம். நான் அதை அவருடைய பேர் என்று எடுத்துக்கொண்டேன். பல் முளைத்துப் பேச்சு வந்ததும் நான் அவரைக் கூப்பிட்ட முதல் பேர், “இல்லிப்பா!”

அன்றிலிருந்து அவர் இல்லிப்பா. பாட்டி கெம்பம்மா ஊர் வழக்கப்படி புருஷன் பேரைச் சொல்லாதவள். அவளுக்கு இந்தப் பேர் பெரிய சௌகரியமாகப் போய்விட்டது. ஐம்பது வருஷம் “ஏனுங்க” என்று காற்றைப் பார்த்துக் கூப்பிட்டவள், முதல்முறையாக ஒரு பேரைச் சொல்லிப் புருஷனைக் கூப்பிட்டாள். பட்டுக்கூடு வாங்க வருகிறவர்கள்கூட “இல்லிப்பா வூடு எது?” என்றுதான் கேட்டு வருவார்கள். அவருக்கு மாதப்பன் என்று ஒரு பேர் இருப்பது ஏழு வயது வரைக்கும் எனக்குத் தெரியவே தெரியாது.

அந்த வழக்கம் இன்னும் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் என் மகள் வீட்டுப் பேரன் எனக்குப் பேர் வைத்துவிட்டான். வீடியோ காலில் நான் பேசத் தொடங்கினாலே, “அம்மா, நீ மியூட்ல இருக்க!” என்று மகள் கத்துவாள். பையன் அதைக் கேட்டுக் கேட்டு என்னை மியூட்டம்மா ஆக்கிவிட்டான். நாள் முழுக்க வாய் ஓயாத எனக்கு இந்தப் பேர்! என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. ஆனால் நான் திருத்தவில்லை. திருத்தவும் மாட்டேன்.

அப்பனுக்கு இல்லாத ஓட்டு

இல்லிப்பாவுக்கு எழுத்து தெரியாது. கோயில் திருவிழாவுக்குக்கூடப் பழைய சட்டையோடு போவார். புதுச் சட்டை எடுப்பது ஓட்டுப் போட மட்டும்தான். அந்தச் சட்டையை ஓட்டுச் சட்டை என்றே சொல்வோம். பெட்டியில் வசம்புத் துண்டு போட்டு மடித்து வைத்திருப்பார்.

“எங்கப்பனுக்கு ஓட்டு இல்ல தெரியுமா? அப்பல்லாம் வரி கட்றவனுக்கும் படிச்சவனுக்கும்தான். எங்கப்பன் சாவடிக்கு வெளியில நின்னு மத்தவங்க போடறதப் பாத்துட்டு வந்தான். எனக்கு இருக்குது. நா உள்ள போறன்” என்பார்.

எந்தக் கட்சிக்குப் போட்டார் என்று பாட்டிக்குக்கூடத் தெரியாது. ஒருமுறை வைசூரி போட்டு எழுந்த உடம்போடு மாட்டுவண்டியில் படுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தாராம். ஒரு தேர்தலையும் அவர் தவறவிட்டதில்லை என்பது ஊருக்கே தெரியும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அதில் ஒரு கர்வம் இருந்தது. எனக்கும் இருந்தது. அதை நானே உடைப்பேன் என்று யார் கண்டது?

வாத்தியார் கற்றுக்கொடுத்த மரியாதை

வெயில் கொளுத்தும் ஒரு மத்தியானம். வீட்டில் எல்லாரும் தோட்டத்தில். நான் மட்டும் வாசலில் காயப்போட்ட புளிக்குக் காவல். வெளியூர் வாத்தியார் ஒருவர் அட்டை வைத்த பெரிய நோட்டோடு வந்தார். வாக்காளர் பட்டியல் சரிபார்க்கிற வேலையை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“பாப்பா, பெரியவங்க யாரும் இல்லியா?”

“தோட்டத்துக்குப் போயிருக்கறாங்க.”

அவர் ஒவ்வொரு பேராகப் படித்தார். அப்பா பேருக்குத் தலையாட்டினேன். அம்மா பேருக்கும் பாட்டி பேருக்கும் ஆட்டினேன்.

“மாதப்பன்?”

நான் முழித்தேன்.

“உங்க தாத்தாதான? மாதப்பன். அவரு?”

தாத்தா என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. இவர் தாத்தா பேரைத் தப்பாக எழுதி வைத்திருக்கிறார். திருத்தினேன்.

“இல்லிப்பா.”

“என்னாது?”

“இல்லிப்பா” என்றேன் இன்னும் சத்தமாக.

வாத்தியார் முகம் சுருங்கிவிட்டது. “ஏம்மா, நீ ஸ்கூலுக்குப் போறியா?”

“ரெண்டாவது.”

“அங்க வாத்தியாருகிட்டயும் இப்பிடித்தான் இல்லப்பா நொல்லப்பான்னு பேசுவியா? பெரியவங்ககிட்ட ‘இல்லீங்க’ன்னு சொல்லணும். எங்க, சொல்லு பாக்கலாம்.”

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. தாத்தா பேரை மொட்டையாகச் சொல்லக் கூடாது, ‘ங்க’ போட்டுச் சொல்ல வேண்டும் என்கிறார். கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். “இல்லீங்க.”

“ஆங், அப்பிடிச் சொல்லு. எப்பலருந்து இல்ல?”

எப்போதிலிருந்து அவர் இல்லிப்பா என்று கேட்கிறார். இதற்குப் பதில் வீட்டில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். பெருமையோடு சொன்னேன். “நா பொறந்ததுலருந்துங்க.”

அவர் ‘ச்சு’ கொட்டினார். சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு கோடு இழுத்தார். ஜோல்னாப் பையைத் துழாவி ஓர் ஆரஞ்சு மிட்டாயை எடுத்து என் கையில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். மிட்டாய் நன்றாகவே இருந்தது.

செத்தவர் நடந்து வந்தார்

தேர்தல் வந்தது. ஓட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு இல்லிப்பா முன்னால் நடந்தார். பாட்டியும் அப்பா அம்மாவும் பின்னால். நான் எப்போதும்போல் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே சீட்டு எழுதிக் கொடுக்கிறவர்களிடம் எல்லார் பேரும் இருந்தது. இல்லிப்பா பேர் மட்டும் இல்லை. “உள்ள பெரிய லிஸ்ட் இருக்குங்க, அதுல இருக்கும் போங்க” என்றார்கள். போனார். உள்ளே இருந்த ஆபீசர் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

“ஐயா, நீக்குனவங்க பட்டியல்ல இருக்குதுங்க. இறப்புன்னு போட்டிருக்குது.”

“யாரு செத்தது?”

“மாதப்பன்னு...”

“நாந்தாங்க மாதப்பன்.”

அந்த ஆபீசரைக் குறை சொல்ல மாட்டேன். தாத்தாவை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். எதிரெதிர்க் கட்சி ஏஜெண்டுகள் ஒரே குரலில் சாட்சி சொன்னார்கள். “சார், இது எங்க இல்லிப்பா சார். காலையில கூடப் பாத்தன் சார்.” ஆபீசர் கையைப் பிசைந்தார். “எனக்குத் தெரியுதுங்க. ஆனா பேர் இல்லாம சீட்டுக் குடுக்கற அதிகாரம் எனக்கு இல்லீங்களே.”

இல்லிப்பா சண்டை போடவில்லை. வாசலுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே போன மற்றவர்கள் ஓட்டுப் போட்டுவிட்டு வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் அப்பன் நின்ற மாதிரியே நின்றார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. பாட்டி விரலில் மையோடு வந்தாள். அவர் அந்த விரலைப் பார்த்தார், பிறகு தலையைத் திருப்பிக்கொண்டார். பாட்டி விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை. “எவன் வந்து எழுதிக்கிட்டுப் போனது? யார் சொன்னது செத்துட்டாருன்னு?” என்று அப்பா கூச்சலிட்டார். எனக்கு அந்த ஆரஞ்சு மிட்டாய் நினைவுக்கு வந்தது. அழுதுகொண்டே ஒன்று விடாமல் சொன்னேன். ‘இல்லீங்க’ சொன்ன இடம் வந்ததும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

அப்பா கையை ஓங்கினார், அடிக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய தண்டனை கொடுத்தார். “இன்னியோட அந்தப் பேரு முடிஞ்சுது. இனிமே யாரும் இல்லிப்பான்னு கூப்புடக் கூடாது. எல்லா வூட்டுலயும் மாதிரி தாத்தான்னு கூப்புடு.”

இல்லிப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு மல்பரித் தோட்டத்துக்குப் போய்விட்டார். அவருக்கும் என்மேல் கோபம் என்று நினைத்தேன்.

மூன்று நாள் ‘தாத்தா’ என்று கூப்பிட்டேன். அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலையில் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்ப் புழுத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று, “தாத்தா, காபி” என்றேன்.

அவர் பாட்டியைப் பார்த்து, “யாரோ தாத்தாவத் தேடிக்கிட்டு வந்திருக்குது பாரு, கெம்பி. பக்கத்து வூட்டுல போய்க் கேக்கச் சொல்லு” என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“ஏம்மா அழுவற? சர்க்காரு நா செத்துட்டன்னுச்சு. அதுக்குத் தெரியாது, சொல்லிடுச்சு. உனக்குத் தெரியுமே! எம் பேரக் கொன்னுப்புட்டுத் தாத்தாங்கறியே, உனக்கு அடுக்குமா?”

“அப்பாதான் சொல்லுச்சு.”

“பேரு வெச்சது நீ. அவன் யாரு எடுக்கறதுக்கு?” என்றார், அப்பா காதில் விழுகிற மாதிரியே. அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

ஐந்தெழுத்து

மல்பரி இலை பறிக்காத ஒரு நாளாகப் பார்த்து, இல்லிப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறினார். தாலுகா ஆபீஸில் பேரைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அப்பா தானும் வருவதாகச் சொன்னதற்கு, “கெடுத்தவளே சரி பண்ணட்டும்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அங்கே ஒரு கிளார்க் அம்மா. பழைய பட்டியலைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஐயா, உங்க ஊர்ல மாதப்பனே ஒம்போது பேரு. அதுல மூணு பேருக்கு அப்பா பேரும் மாதப்பன். உங்கள எதுல சேக்கறது? வேற அடையாளப் பேரு எதுனா இருக்குதுங்களா? ‘என்கிற’ போட்டு எழுதிக்கலாம். மறுபடியும் கொழப்பம் வராது.”

இல்லிப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “இருக்குதுங்க. எம் பேத்தி வெச்ச பேரு.”

“சொல்லுங்க.”

“இல்லிப்பா.”

“பேரு இல்லியா?”

“பேருதாங்க. இல்லிப்பா.”

அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இல்லிப்பா என்னைப் பார்த்தார். நான் எழுந்து மேசையருகே போனேன். “நா எழுதறனுங்க” என்றேன். அந்தம்மா என்ன நினைத்தாரோ, படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்து, எழுத வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினேன். இ, ல், லி, ப், பா. கடைசி எழுத்தின் கால் கட்டத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. அந்தப் பேருக்கு முன்னால் அந்தம்மா தன் கையால் ‘மாதப்பன் என்கிற’ என்று எழுதினார். கீழே இல்லிப்பா கைநாட்டு வைத்தார்.

“இந்தப் பேர எதுக்குங்க வெச்சது?” என்று அந்தம்மா கேட்டார்.

“நா கூப்புட்டன், அது வந்துச்சு. அவ்வளவுதாங்க” என்றார் இல்லிப்பா.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு போண்டா வாங்கிக் கொடுத்தார். ஏறினவர்களிடமெல்லாம், “எம் பேத்தி சர்க்காரு தாள்ல எழுதிட்டு வருது” என்று சொல்லிக்கொண்டே வந்தார். கண்டக்டரிடம்கூடச் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெட்கம் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். வெட்கமெல்லாம் இல்லை. சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஜன்னலுக்கு உள்ளே

ஆபீசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டுவிட்டார். இப்போது மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

“நானூத்தி பன்னெண்டு. மாதப்பன் என்கிற... இல்லிப்பா.”

பெஞ்சில் இருந்த ஏஜெண்டுகளில் ஒருவர் அந்த வருஷம்தான் அதியமான்கோட்டைப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்குக் குடிவந்தவர். தன் கையிலிருந்த பட்டியலில் இடத்தைத் தேடிக்கொண்டே, தலையைத் தூக்காமல், “இல்லைன்னா விடுங்க சார், அடுத்த ஆளக் கூப்புடுங்க” என்றார்.

மறுபடியுமா? நானே உள்ளே குதித்துச் சொல்லிவிடலாமா என்று வந்தது. வாசலில் போலீஸ்காரர் நின்றிருந்தார்.

இல்லிப்பா அவசரப்படவில்லை. தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வகுப்பில் பேர் கூப்பிட்டால் நாங்கள் கையைத் தூக்குவோமே, அப்படி வலது கையை உயரத் தூக்கினார். அந்த அறையில் அப்படிக் கையைத் தூக்கிய ஆட்களில் அவர்தான் மூத்தவராக இருக்கும்.

“இல்லி இத்தீனி!” என்றார் கன்னடத்தில். பிறகு அந்தப் புது ஏஜெண்டைப் பார்த்துத் தமிழில் சொன்னார். “எங்க பாஷையில இல்லின்னா இங்கன்னு அர்த்தமுங்க. இங்கதான் இருக்கறனுங்க.”

அறையே சிரித்துவிட்டது. புது ஏஜெண்டு எழுந்து கும்பிட்டார். பேர் வாசித்த ஆபீசர் சிவப்புப் பேனாவை எடுத்தார். நான் கம்பியில் இன்னும் எம்பினேன். அவர் பேருக்கு அடியில் ஒரு கோடு போட்டார். ஓட்டுப் போட வந்துவிட்டார் என்பதற்கு அப்படித்தான் கோடு போடுவார்களாம். அப்பா அப்புறம் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த ஆபீசர் இல்லிப்பாவின் விரலில் மை வைத்தார். இல்லிப்பா ஓட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு சாக்குத் தடுப்புக்குப் பின்னால் போனார். எவ்வளவு நேரம் நின்றாரோ, வெளியே வந்து மடித்த சீட்டைப் பெட்டிக்குள் விட்டார். உள்ளே விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தார்.

வெளியே வந்தவர் வாசலில் நின்று என்னைத் தேடினார். சுற்றிலும் ஊர் ஜனம். என் பள்ளிக்கூடப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். அவர் மை வைத்த விரலை நீட்டி, கூடத்தில் புழுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டார்.

“இல்லி பா!”

நான் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு ஓடினேன்.